விளம்பரமும் நம் பிள்ளைகளும்

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளின் தமிழ் குன்றி வருவது குறித்து இப்பக்கங்களில் எழுதாத மாதம் அரிது. இம்மாதம் அவர்கள் இருமொழி அறிந்திருப்பதால் விளையும் ஒரு நன்மையை எழுத முற்பட்டோம். தில்லியில் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் பெயர்த்தி, பதினோராம் வகுப்பு மாணவி, பள்ளியில் இட்ட பணியை முன்னிட்டு விளம்பரங்களைத் தொகுத்து வருகிறாள். அவளுடைய குறிப்பேட்டை முழுதும் படித்தோம். அதில் கண்ட செய்திகள் ஒரு மாணவியின் மதிப்பெண்ணோடு நிற்பன அல்ல. அவளுடைய பாட்டனாரின் ஓய்வுக்காலப் பணம் வரை சென்றன.

பள்ளி இட்ட பணி எளியதே. ஒரு வாரத்தில் கண்ணிலும் காதிலும் படும் விளம்பரங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் யாரை நோக்கிப் பேசுகிறது, எதைக் காட்டி இணங்கச் செய்கிறது, எதைக் கூறாது விடுகிறது என்று எழுத வேண்டும். அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளை ஆசிரியை முதலில் கற்பித்திருக்கிறார். சொல்வோன்மீது கேட்போனுக்குள்ள மதிப்பு ஒன்று. கேட்போன் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சி மற்றொன்று. எடுத்துக் காட்டும் காரணம் மூன்றாவது. கிரேக்க நாட்டு மன்றங்களில் பேசுவோருக்கென 2300 ஆண்டுகளுக்கு முன் வகுத்த இம்முறை இன்றைய சோப்புக்கட்டி விளம்பரத்துக்கும் பொருந்துவதைக் கண்டு மாணவி வியந்திருக்கிறாள். நமக்கு அதில் வியப்பில்லை. சோப்பு புதிது, அதை வாங்கும் மனம் பழையது.

வகுப்பில் மற்றவர்க்குக் கிட்டாத ஒரு வசதி இவளுக்கு இருந்தது. மாலையில் வீட்டில் இந்தித் தொலைக்காட்சியும் ஓடும், தமிழ்த் தொலைக்காட்சியும் ஓடும். ஒரே விளம்பரம் இரு மொழிகளிலும் வரும்போது இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்திருக்கிறாள். படம் ஒன்றே. இந்தியில் 'தாதி' என்று அழைத்த அதே சிறுவன் தமிழில் 'பாட்டி' என்கிறான். வாயசைவு மட்டும் 'தாதி' என்றே நிற்கிறது. இந்தியில் விலையைச் சொன்ன இடத்தில் தமிழில் 'நம்ம வீட்டுக்கு' என்றொரு சொல் ஏறியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் எது மாறியது என்று பார்த்தாலே, விற்பவன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது புலப்படுகிறது என்று அவள் எழுதியிருக்கிறாள். ஒரு மொழி மட்டும் அறிந்தவனுக்கு இந்தச் சாளரம் திறப்பதில்லை.

தில்லியில் வாழும் நம்மவர் பலரைத் தொடுவது பயிற்சி நிலையங்களின் விளம்பரம். ஆட்சிப்பணித் தேர்வில் முதலிடங்களைப் பெற்றோர் படங்களை முழுப்பக்கத்தில் அச்சிடுகிறார்கள். ஒரே இளைஞரின் முகம் இரண்டு மூன்று நிலையங்களின் விளம்பரத்தில் சிரிப்பதை இவள் வெட்டி ஒட்டியிருக்கிறாள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய விளம்பரங்களை ஆராய்ந்தபோது, வெற்றி பெற்றோருள் மிகப் பலர் அந்நிலையங்களில் நேர்முகத் தேர்வுக்கான இலவச வழிகாட்டலுக்கு மட்டுமே சென்றவர் என்பது தெரியவந்தது. அதை மறைத்த நிலையங்கள் பலவற்றுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அவ்வாணையம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தேறியவர் எந்தப் பாடப்பிரிவில் எவ்வளவு காலம் பயின்றார், கட்டணம் செலுத்தினாரா என்பவற்றைக் காட்ட வேண்டும். தேர்ச்சிக்குப் பின் அவரது எழுத்துமூலமான இசைவின்றிப் படத்தை இடலாகாது.

இங்கே நமக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறது. அக்காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். மலையில் நெருப்புண்டு, புகை தோன்றுவதால், அடுக்களையில் காண்பதுபோல என்னும் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் அங்கே விளக்கம் பெறுகின்றன. பின்னர் இவை ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகள் நெடிய பட்டியலாக விரிகின்றன. காப்பியச் சுவை நாடுவோர் விரைந்து கடந்துபோகும் பகுதி அது. 'இவர் எம்மிடம் வந்தார், இவர் வென்றார், ஆதலின் எம்மால் வென்றார்' என்பது ஏதுப் போலியே அன்றி வேறென்ன? அரிஸ்டாட்டிலைப் பள்ளி கற்பித்தது. அறவண அடிகளை நாம் வீட்டில் கற்பிக்கலாம்.

மாணவி நம் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. சங்கத் தமிழ் வகுப்புக்கு ஆள் சேர்க்கும் அறிவிப்பு, 'நாளை உங்கள் பேரன் உங்களோடு பேச மொழியிருக்குமா?' என்று தொடங்குகிறது. அதன் ஓரத்தில் 'அச்சமூட்டல்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். எழுதியது சரி. எனினும் அச்சத்துக்குரிய பொருள் மெய்யாக இருக்குமிடத்து அதைச் சொல்வது குற்றமாகாது என்பது நம் கருத்து. அடுத்த ஆண்டும் அதே வரியோடுதான் அறிவிப்பு வெளிவரும். இணங்கச் செய்வதெல்லாம் ஏமாற்றுவதாகிவிடாது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததும் அதனால்தானே.

இனி நிலத்துக்கு வருவோம். பாட்டனார் 34 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். காவிரிக்கரை மாவட்டம் ஒன்றில் மனைப்பிரிவு போட்டவர்களின் துண்டுத்தாள் கோயில் திருவிழாவில் அவர் கைக்கு வந்தது. தலைப்பில் 'பிறந்த மண் அழைக்கிறது'. கீழே திண்ணை வைத்த வீடு, கோலம், கோபுரம். மனையின் விலை ரூ. 12 லட்சம், முன்பணம் ரூ. 2 லட்சம், 'இன்னும் 6 மனைகளே உள்ளன'. அவர் காசோலைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். வெளியூரில் வாழ்நாளைக் கழித்தவர்க்கு அந்தத் தலைப்பு என்ன செய்யும் என்பதை இதைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

பெயர்த்தி அத்தாளைத் தன் தொகுப்புக்காகக் கேட்டு வாங்கினாள். சில நாளில் அவள் தோழியின் தந்தைக்கு வாட்ஸ்அப் வழியே அதே மனைப்பிரிவின் இந்தித் தாள் வந்தது. அதில் திண்ணையுமில்லை, கோபுரமுமில்லை. ஏறுமுகமாக ஓர் அம்பு, 'ஐந்தாண்டில் மூன்று மடங்கு' என்ற வரி, ஒரு தொழிற்பேட்டையின் படம். நிலம் ஒன்றே; தமிழருக்கு அது தாய்மண், பிறருக்கு அது முதலீடு. இரண்டையும் குறிப்பேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டித் தாத்தாவிடம் காட்டினாள்.

"தாத்தா, விமான நிலையத்திலிருந்து 10 நிமிடம் என்று போட்டிருக்கிறார்களே, எத்தனை கிலோமீட்டர்?"

"பக்கந்தான் அம்மா."

வரைபடத்தில் பார்த்தால் 14 கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் செல்ல மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் நில்லாது ஓட வேண்டும். தூரத்தை நிமிடத்தால் சொல்வது மனை விற்போர் கைக்கொள்ளும் பழைய வழக்கம். நிமிடத்துக்கு அளவுகோல் கிடையாது. நான்குவழிச் சாலை என்றிருந்ததன் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக்குறி; அடியில் எறும்பளவு எழுத்தில் 'உத்தேசம்'. மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்த தாளிலும் எஞ்சிய மனைகள் 6தான்.

இவையெல்லாம் சொல்நயம் என்று விட்டுவிடலாம். விடத்தகாதது ஒன்றிருந்தது. தாளில் 'ரெரா அங்கீகாரம் பெற்றது' என்றிருந்தது. பதிவு எண் இல்லை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போடுவோர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இடம்பெற வேண்டும். கட்டம் கட்டமாக விற்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப்பதிவு வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறலாகாது. இக்கணக்கில் ரூ. 1,20,000 தான் உச்சம். தாள் கேட்டதோ ரூ. 2 லட்சம். விளம்பரத்திலுள்ள பொய்க்கூற்றை நம்பிப் பணம் கொடுத்து நட்டமடைந்தவருக்கு ஈடு கோரவும் இச்சட்டம் இடந்தருகிறது.

பாட்டனார் தொலைபேசியில் எண்ணைக் கேட்டார். முகவர் உடனே அனுப்பினார். மாணவி அதைத் தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தாள். எண் மெய்யானது, அது முதற்கட்டத்துக்குரியது. பாட்டனாருக்குக் காட்டிய மனை இரண்டாம் கட்டத்தில் இருந்தது.

சட்டங்கள் நம் நாட்டில் குறைவல்ல. நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க வகை செய்கிறது. அதில் தோன்றிப் பரிந்துரைக்கும் நடிகரும் விளையாட்டு வீரரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் சட்டம் வந்து சேருமுன் காசோலை போய்விடுகிறது. நம்மவரில் பலர் நிலத்தைக் காணாமலே, உறவினர் சொல்லையும் தாளின் படத்தையும் நம்பி ஆயிரத்தைந்நூறு மைலுக்கப்பால் பணம் அனுப்புகிறவர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, வாங்கிய மனையை விற்கவும் இயலாமல் தவித்தோரில் அவ்வாறு பணம் அனுப்பியவர்களும் உண்டு.

பாட்டனார் ஊரில் வீடு கட்டும் எண்ணத்தைக் கைவிடவில்லை; கைவிடச் சொல்ல நாமும் யார்? இரண்டாம் கட்டத்துக்கான பதிவு எண், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இரண்டையும் எழுத்தில் தருமாறு முகவருக்குப் பதிவு அஞ்சலில் எழுதியிருக்கிறார். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளப் பெயர்த்தி உதவியிருக்கிறாள். தை மாதம் ஊருக்குச் செல்கையில் நிலத்தை நேரில் பார்ப்பதாக இருக்கிறார். இதை எழுதும் நாள்வரை முகவரிடமிருந்து மறுமொழி வரவில்லை; பணம் வங்கியில் இருக்கிறது.