நாட்பட்ட குடிநோயில் பியூட்டிரிக் அமிலமும் ஊட்டச்சத்து உறிஞ்சலும்: போளூர் – ஜவ்வாது மலை உணவுமுறையை முன்வைத்து

முன்னுரை

மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அது குடலையும் கெடுக்கிறது என்பது அந்த அளவிற்கு அறியப்படவில்லை. குடல் பழுதுற்றவர் உண்டாலும் உணவின் சத்து உடலில் முழுமையாகச் சேர்வதில்லை. இந்நிலையில் பியூட்டிரிக் அமிலம் என்னும் சிறு கொழுப்பமிலத்தின் பங்கினை, போளூர் வழியாகச் சென்றடையும் ஜவ்வாது மலையின் சாமை உணவோடு இணைத்து விளக்குவதாக இக்கட்டுரை அமைகிறது.

மதுவும் சத்துக் குறைவும்

நெடுநாள் குடிப்பழக்கம் சிறுகுடலின் உட்சவ்வைச் சிதைக்கிறது. தயமின், ஃபோலேட் ஆகிய வைட்டமின்களைக் குடலிலிருந்து உடலுக்குள் கடத்தும் புரதங்களின் செயலைக் குறைக்கிறது. கணையம் பழுதுற்றால் கொழுப்பும், அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் மலத்தோடு வெளியேறுகின்றன. உடலில் தயமினின் மொத்த இருப்பு சுமார் 30 மில்லிகிராம் மட்டுமே. வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். அதன் விளைவே வெர்னிக்கே மூளைநோய். மனக்குழப்பம், தள்ளாடும் நடை, கண்ணசைவுக் கோளாறு ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைப் 'போதை தெளியவில்லை' எனச் சுற்றத்தார் எளிதாகக் கருதிவிடுவர். குளுக்கோஸைப் பயன்படுத்த உடலுக்குத் தயமின் தேவை. ஆதலால் குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினை ஊசிவழி உடன் தருதல் இன்றியமையாதது.

பியூட்டிரிக் அமிலத்தின் பணி

சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உயிரணுக்களின் முதன்மை எரிபொருள் பியூட்டிரிக் அமிலமே. உயிரணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உறுதிப்படுத்துவதும், சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் துணைபுரிவதும் அதன் பிற பணிகளாகும். குடிநோயாளிகளின் குடலில் இவ்வமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் குறைந்து காணப்படுகின்றன. பிணைப்பு தளர்வதால் நுண்ணுயிரி நச்சுகள் குருதிவழிக் கல்லீரலை அடைகின்றன. மது ஊட்டப்பட்ட எலிகளுக்குப் பியூட்டிரிக் அமிலம் தரும் டிரைபியூட்டிரினை அளித்தபோது குடற்கசிவு குறைந்தது.

வேலூர் தரும் சான்று

இவ்வமிலங்களின் ஆற்றலைப் போளூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு மெய்ப்பித்தது. பி. எஸ். இராமகிருஷ்ணாவும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அவ்வாய்வில் 48 காலரா நோயாளிகள் பங்கேற்றனர். உப்பு–சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிமானத்தை எதிர்க்கும் மக்காச்சோள மாவு சேர்க்கப்பட்டபோது, வயிற்றுப்போக்கு நீடித்த நேரம் சராசரியாக 91 மணியிலிருந்து 57 மணியாகக் குறைந்தது.

மலையுணவின் பொருத்தம்

ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடியினரின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று சாமை. உரலில் குத்திய சாமையில் தவிட்டோடு நார்ச்சத்தும் தயமினும் தங்குகின்றன. மிகுதியாகத் தீட்டினால் இரண்டும் குறைகின்றன. சமைத்து ஆறவைத்த சோற்றிலும் கூழிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிமானத்தை எதிர்க்கும் வடிவம் பெற்றுப் பெருங்குடலை அடைகிறது. குடிப்பவர் சோற்றைத் தவிர்த்து மதுவினாலேயே பசியாறும்போது, நுண்ணுயிரிகளுக்குரிய இவ்வுணவும் நின்றுவிடுகிறது.

முடிவுரை

வேலூர் ஆய்வு காலராவைப் பற்றியது. அதன் முடிவைக் குடிநோய்க்கு அப்படியே பொருத்துதல் தகாது. சாமைக்கூழ் குடிநோய்க்கு மருந்துமன்று. மதுவை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துதலும் தயமின் அளித்தலுமே முதற்படிகள். அதன்பின் குடலை மீட்கும் உணவைத் திட்டமிடுகையில், மலைமக்களின் அன்றாட உணவே தக்க தொடக்கமாக அமையும்.