உங்களுக்குத் தெரியுமா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை இரைப்பையை மட்டும் சுருக்குவதில்லை. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டத்தையே மாற்றிவிடுகிறது. அத்தகைய சிகிச்சைகளில் ஒன்றான இரைப்பை பைபாஸ் செய்யப்பட்ட சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாவை, பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள் ஹார்வர்டு ஆய்வாளர்கள் (2013). கத்தியே படாத அவையும் இளைத்தன!

2009இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட 44 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 240 கோடி லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவை ப்ரோபயாடிக்காகக் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு வைட்டமின் பி12 கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான்.

ஆறுமுகநேரி உப்பளத்துக்குத் தூக்குவாளியில் போகும் நீராகாரத்திலும் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு. அதற்காக, தையல் ஆறுமுன்னே சொம்பைத் தூக்க வேண்டாம். எதை, எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். ப்ரோபயாடிக் சாப்பிட்டாலும், மருத்துவர் தந்த பி12 மாத்திரையை நிறுத்தக் கூடாது.