ஒரு கணினி, இரண்டு திரை

கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. இரவு எட்டு மணிக்குமேல் அது தங்கைக்கு வேண்டும். அவளுக்கு இது எஸ்பிஎம் ஆண்டு. இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் எனக்கும் அதே நேரத்தில்தான் வேண்டும். என் முப்பரிமாண வரைபட மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். கணினியில் இருப்பதோ லினக்ஸ்.

"அண்ணே, பத்து நிமிஷம்னு சொன்ன, ஒரு மணி நேரமாச்சு லா!" இது எங்கள் வீட்டில் அன்றாடம் கேட்கும் வசனம். இன்னொரு கணினி வாங்கித் தரும்படி அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை.

இருக்கும் கணினியையே இருவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது. எங்கள் இன்டெல் செயலிக்குள்ளேயே சிறிய வரைகலைப் பகுதி ஒன்று உண்டு. அதுபோகப் பழைய என்விடியா கார்டு ஒன்றும் இருந்தது. செயலியின் பகுதியில் தங்கையின் லினக்ஸ், கார்டில் என் விண்டோஸ். அந்த விண்டோஸ் லினக்ஸுக்குள் மெய்நிகர் இயந்திரமாக ஓடும். வழக்கமாக மெய்நிகர் இயந்திரத்துக்குப் பாவனைக் கார்டுதான் கிடைக்கும். என் வரைபடங்கள் அதில் ஆமையாய் ஊரும். உண்மையான கார்டையே அதனிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் 'பாஸ்த்ரூ'. இதற்கு உதவும் விஎஃப்ஐஓ 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.6-இல் சேர்ந்தது.

முதல் தடை பயாஸில் இருந்தது. வரைகலை கார்டு, செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் எழுதக்கூடியது. அது எந்தப் பகுதியைத் தொடலாம் என்று காவல் காப்பது ஐஓஎம்எம்யூ. இன்டெல் பலகைகளில் இதற்கு 'விடி-டி' என்று பெயர். எங்கள் பயாஸில் அது அணைந்து கிடந்தது. அதை இயக்கி, லினக்ஸின் தொடக்க அமைப்பிலும் ஐஓஎம்எம்யூவை இயக்கச் சொன்னேன்.

அடுத்து, 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்துப் பார்த்தால், லினக்ஸின் நூவோ இயக்கி கார்டை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தது. அதற்கு முன்பே விஎஃப்ஐஓ பிடிக்கும்படி மாற்றினேன். கார்டிலுள்ள எச்டிஎம்ஐ ஒலிப்பகுதி தனிக் கருவியாகக் கணக்கிடப்படும். அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

மூன்று இரவுகளைத் தின்றது அடுத்த தடைதான். மெய்நிகர் இயந்திரம் கிளம்ப மறுத்தது. குழு ஒன்றில் உள்ள எல்லாக் கருவிகளும் விஎஃப்ஐஓவிடம் இல்லை என்பது பிழைச் செய்தியின் சாரம். நானோ அதைச் சரியாகப் படிக்காமல், கண்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு தடவை லினக்ஸே கிளம்பவில்லை. அன்று தங்கை என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் குழுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என்விடியா கார்டும் வைஃபை கார்டும் ஒரே குழு! ஒரே வாசல் உள்ள இரண்டு அறைகளைப் போலத்தான் இது. உள்ளறையை மட்டும் வாடகைக்கு விட்டு, முன்னறை என்னுடையது என்று கதவைப் பூட்ட முடியாது. ஒரே குழுவிலுள்ள கருவிகள் காவலரைத் தாண்டாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம் என்பதால் லினக்ஸ் அவற்றைப் பிரித்துத் தருவதில்லை. வைஃபையையும் சேர்த்துக் கொடுத்தால் தங்கைக்கு இணையம் போய்விடும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. 'ஏசிஎஸ் ஓவர்ரைடு' என்ற திருத்தத்தைப் போட்டால், குழுக்கள் பிரிந்திருப்பதாக லினக்ஸ் நம்பிவிடும். ஆனால், பாதுகாப்பு உண்மையில் பிரிவதில்லை. அதிகாரபூர்வ லினக்ஸிலும் அது கிடையாது. அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

கடைசியில் தேவைப்பட்டது ஒரு திருப்புளிதான். வைஃபை கார்டைக் கழற்றி, பலகையின் அடியிலிருந்த சிறிய துளையில் செருகினேன். குழு மாறியது. என்விடியா கார்டின் குழுவில் மிஞ்சிய பிசிஐ பாலத்தை அப்படியே விட்டுவிடலாம், அதனால் தொல்லையில்லை.

மெய்நிகர் இயந்திரம் கிளம்பியது. ஆனால் திரை கறுப்பு! அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கவனித்தேன், பழைய டிவியின் கம்பியை என்விடியா கார்டில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகியிருந்தேன். இதை வெளியில் சொல்லவே வெட்கம்.

என்விடியாவின் 'பிழை 43' பற்றிப் பழைய வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகச் சொல்லும். 2021-இல் வந்த 465 வரிசை இயக்கியிலிருந்து வீட்டுக் கார்டுகளையும் மெய்நிகர் இயந்திரத்தில் பயன்படுத்த அந்நிறுவனமே வழிவிட்டுவிட்டது. அதனால் வழிகாட்டியைப் படிக்குமுன் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். இதற்காகவே கார்டு வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகுமுன் தங்கள் பலகையின் குழுப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது 16 ஜிபி நினைவகத்தில் பாதி எனக்கு, பாதி தங்கைக்கு. இரண்டு விசைப்பலகை, இரண்டு சுட்டி. நேற்றிரவு எட்டு மணிக்கு அவள் கூடுதல் கணிதம் செய்ய, நான் பக்கத்தில் பற்சக்கரம் வரைந்தேன். ஒலி மட்டும் இன்னும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அதை அவளுடைய சோதனை முடிந்த பிறகுதான் தொட வேண்டும் என்பது அவள் போட்டிருக்கும் நிபந்தனை.