டேஷ்போர்டுக்குப் பின்னால் சூடான ஆயில்

ஆயில் பிரஷர் விளக்கை மட்டும் நம்பி வண்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினில் ஆயில் அழுத்தம் ஏறக்குறைய அரை பார் அளவுக்கு விழுந்த பிறகுதான் பல வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். நெடுஞ்சாலை வேகத்திலோ இன்ஜினுக்கு இரண்டு, மூன்று பாராவது தேவை. விளக்கு எரிவதற்குள் பேரிங் போய்விட்டிருக்கலாம். வெப்பத்துக்கும் இதே நிலைதான். சிறிய கார்கள் பலவற்றில் இன்று முள் காட்டும் டெம்பரேச்சர் மீட்டரே கிடையாது. நீல விளக்கு ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, அவ்வளவுதான்.

ஆகவே தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்ட நினைப்பது நியாயம். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கடைக்குள் நுழைந்தால், “மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் விலையைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம். உடம்பையும் உயிரையும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

மெக்கானிக்கல் ஆயில் மீட்டருக்குள் வளைந்த சிறு உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கும்; அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பேட்டரியும் வேண்டாம், வயரிங்கும் வேண்டாம். பழைய அம்பாசடரும் ஜீப்பும் வைத்திருப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்த அழுத்தம் மீட்டரை எட்ட வேண்டுமானால் இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே வர வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே அது வந்து நிற்கிறது. ஓடுகிற இன்ஜினில் ஆயில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். குழாயில் தேங்கியது சற்று ஆறியிருந்தாலும், குழாய் விட்டுப்போனால் பின்னாலேயே சூடான ஆயில் பீறிட்டு வரும். கால் வெந்துபோகும், பிரேக் பெடல் வழுக்கும், நிறுத்தாமல் ஓட்டினால் ஆயில் வற்றி இன்ஜினும் சீஸாகும். கடைகளில் கிடைக்கும் நைலான் குழாய் வெயிலிலும் சூட்டிலும் நாளாக நாளாக மொறமொறத்துப் போகும். சைலன்சர் பக்கம் உரசினால் உருகிவிடும். செம்புக் குழாய் அதைவிட மேல். ஆனால் அதிர்வில் அதுவும் விரிசல் விடும் என்பதால், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே இரண்டு சுற்றுச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

பெட்ரோல் அழுத்த மீட்டர் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவருகிறேன் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு எலக்ட்ரிக் மீட்டர்தான் வேண்டும். இல்லையென்றால் மீட்டர் பானெட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.

டெம்பரேச்சர் மீட்டரில் இந்த அபாயம் இல்லை. மெக்கானிக்கல் வகையில் நுனிக் குமிழ் முதல் மீட்டர்வரை மூடி முத்திரையிட்ட குழாய் அது. கூலன்ட் உள்ளே வராது. ஆனால் அதை வெட்டி ஒட்ட முடியாது, ஒரு இடத்தில் மடங்கி நசுங்கினால் மீட்டரையே மாற்ற வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கூலன்ட் முழுக்க ஒழுகிப்போய் சென்சாரோ குமிழோ காற்றில் நின்றால், எந்த வகை மீட்டரானாலும் முள் கீழே இறங்கும். இன்ஜின் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்குவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

எலக்ட்ரிக் மீட்டரில் சென்சார் இன்ஜினிலேயே இருக்கும், உள்ளே வருவது வயர் மட்டும். ஆயில், பெட்ரோல் இரண்டுக்கும் என் பரிந்துரை இதுதான். ஆனால் மீட்டரும் சென்சாரும் ஜோடியாக வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மீட்டருக்கு வேறு கம்பெனி சென்சார் பொருத்தினால், மின்தடை அளவு மாறி முள் தப்பாகக் காட்டும். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த் பாதை. ஒழுகாமல் இருக்கட்டும் என்று அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் கெட்டுப்போகலாம். மீட்டருக்கு வரும் சப்ளை வயரில் சிறிய ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். பழைய வண்டிகளின் ஆம்மீட்டரில் சார்ஜிங் கரன்ட் முழுவதும் டேஷ்போர்டு வழியாகவே ஓடும். இணைப்பு தளர்ந்தால் தீப்பிடிக்கும். அதற்குப் பதில் வோல்ட்மீட்டர் போதும். வண்டி ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது.

வாரன்டியில் உள்ள புதுக் காரின் வயரை வெட்டி மீட்டர் மாட்டுவது உங்களுக்கே வினையாகும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சொருகும் கருவி, கூலன்ட் வெப்பத்தை எதையும் வெட்டாமல் காட்டிவிடும். ஏற்கெனவே மீட்டர் மாட்டியிருந்து, சர்வீஸ் சென்டர் வாரன்டியை மறுத்தால், இந்த மீட்டருக்கும் வந்திருக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதிலோடு திரும்பி வராதீர்கள்.

கம்பெனியில் பொருத்தி வராத மின்சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லி, பாலிசியில் சேர்த்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், தீ விபத்துக் கோரிக்கையின்போது அதையே காரணமாகக் காட்டலாம். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

மீட்டரிலோ பொருத்திய வேலையிலோ குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. பில் தர மறுப்பது அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. பில்லில் மீட்டரின் மாடல் எண்ணும் பொருத்துக் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெறுவதற்குப் பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பலகை மாட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது.

குழாய் விட்டுப்போய்க் காயமோ சேதமோ ஏற்பட்டால், உடைந்த துண்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பட்டறையில் புதியது மாட்டிப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வழக்கின் உயிரே அதுதான். படம் எடுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சொந்தக் காரைத் தானே டாக்சியாக ஓட்டிப் பிழைப்பவர்களிடம், வணிகத்துக்கு வாங்கியது என்று சொல்லிக் கடைக்காரர் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். சுயதொழிலில் வயிற்றுப்பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.