உப்பும் சர்க்கரையும் உயிரும்

1971ஆம் ஆண்டு. வங்கதேச விடுதலைப் போர் மூண்டிருந்த நேரம். இலட்சக்கணக்கான அகதிகள் எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்திற்குள் வந்து குவிந்தனர். மழையும் நெரிசலும் நிறைந்த முகாம்களுக்குள் காலரா நுழைந்தது. எல்லையோர ஊரான பங்கானின் மருத்துவமனையில் நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டே அறைகள். தரையெங்கும் நோயாளிகள். இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டிய உப்புநீரோ தீர்ந்துகொண்டிருந்தது.

அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகிய மூன்றையும் அளந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் என்ற அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது!

இதில் ஒரு புதிர் இருக்கிறது. கடுமையான காலரா நோயாளிக்கு வெறும் உப்புநீரைக் குடிக்கக் கொடுத்தால், அது குடலில் ஏறாமல் வெளியேறிவிடும். வெறும் சர்க்கரை நீரும் இழந்த உப்பை ஈடு செய்யாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கிறது. ஏன்?

இதற்கான விடை நாம் வேதியியல் வகுப்பில் முதலாண்டிலேயே படித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற சில எளிய கருத்துகளில் அடங்கியுள்ளது. உயிரியல் படிக்கும் நம்மில் பலர் வேதியியலைத் 'துணைப்பாடம்' என்று ஒதுக்குவதுண்டு. அந்தத் துணைப்பாடத்தின் துணையோடு இப்புதிரை அவிழ்த்துப் பார்ப்போமா?

நீரின் இரு முகங்கள்

உயிரணு என்பது பெரும்பாலும் நீர். வளர்ந்த மனிதனின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. கைக்குழந்தையின் உடலில் அது இன்னும் கூடுதல். ஆகவே உயிரணுவின் வேதியியலை நீரிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஓர் ஆக்சிஜன் அணுவும் இரு ஹைட்ரஜன் அணுக்களும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்ததே நீர் மூலக்கூறு. ஆனால் அப்பங்கீடு நேர்மையானதன்று! ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இதனால் ஆக்சிஜன் பக்கம் சிறிதளவு எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கம் சிறிதளவு நேர்மின்சுமையும் தோன்றுகின்றன. மூன்று அணுக்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காமல் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்பதால், மூலக்கூறுக்கு இரு முகங்கள் அமைந்துவிடுகின்றன.

சமையல் உப்பு நீரில் எளிதில் கரைவதற்கு இதுவே காரணம். உப்புப் படிகத்தில் இருப்பவை நேர்மின்சுமையுள்ள சோடியம் அயனிகளும் எதிர்மின்சுமையுள்ள குளோரைடு அயனிகளும் ஆகும். நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் முகத்தைச் சோடியத்தின் பக்கமும், ஹைட்ரஜன் முகத்தைக் குளோரைடின் பக்கமும் திருப்பிச் சூழ்ந்துகொண்டு, அயனிகளைத் தனித்தனியே பிரித்து எடுத்துச் செல்கின்றன. சர்க்கரை கரையும் விதம் வேறு. அது அயனிகளாகப் பிரிவதில்லை. முழு மூலக்கூறாகவே நீருடன் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு கலக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னர் பயன்படும்.

எடையா, எண்ணிக்கையா?

கடையில் உப்பையும் சர்க்கரையையும் எடை போட்டு வாங்குகிறோம். உயிரணுவோ எடை பார்ப்பதில்லை, எண்ணிக்கை பார்க்கிறது. அந்த எண்ணிக்கையின் அலகே மோல். ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். 58.5 கிராம் உப்பு ஒரு மோல்; 180 கிராம் குளுக்கோஸும் ஒரு மோல். அதாவது, எடையில் மூன்று மடங்கு குளுக்கோஸ் எடுத்தால்தான் எண்ணிக்கையில் உப்புக்கு ஈடாகும். அதிலும் ஒவ்வோர் உப்பு அலகும் நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிவதால், கரைசலில் அது இரண்டாக எண்ணப்படும். மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல். உடல் திரவங்களை அளக்க இந்தச் சிறு அலகே ஏற்றது.

எண்ணெயால் ஆன வேலி

உயிரணுவைச் சூழ்ந்து நிற்கும் சவ்வு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் கொண்டது. பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருள் அதன் அடிப்படை. அம்மூலக்கூறின் தலை நீரை நாடும். வால்களோ நீரை வெறுக்கும். ஆகவே வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்க, தலைகள் இருபுறமும் நீரை நோக்க, இரண்டடுக்கு வேலி தானாகவே அமைகிறது.

ரசத்தின் மேல் நெய் தனியே மிதப்பதைப் பார்த்திருக்கிறோம். நெய்யோடு உப்பு கலப்பதில்லை அல்லவா? அதுபோலவே மின்சுமை ஏற்ற சோடியம் அயனியால் சவ்வின் கொழுப்புப் பகுதியைக் கடக்க முடியாது. குளுக்கோஸும் தானே எளிதாக நுழைய முடியாது. இவை செல்ல வேண்டுமானால் சவ்வில் பதிந்துள்ள புரதங்களாலான 'கதவுகள்' வேண்டும். நீர் மட்டும் ஒப்பளவில் எளிதாகக் கடக்கிறது. பல செல்களில் நீருக்கென்றே தனிப் புரத வழிகளும் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீர் செல்லும் திசை

கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்வதே சவ்வூடு பரவல். மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் கசிந்து நிற்பதும், உலர்ந்த திராட்சை நீரில் ஊறி உப்புவதும் இதனாலேயே. இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் நீர் உட்புகுந்து வெடித்துவிடும். அடர்ந்த உப்புநீரில் இட்டால் சுருங்கிவிடும். நூற்றுக்கு 0.9 வீதமுள்ள உப்புநீரில்தான் அது இயல்பாக இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் காண வேண்டும். நீரை இழுத்துச் செல்லும் பம்பு எதுவும் உயிரணுவில் இல்லை. கரைபொருளை நகர்த்தினால் நீர் தானே பின்தொடரும். நீர் வேண்டுமானால் உப்பை நகர்த்து! குடலுக்குள் உள்ள நீரை இரத்தத்தில் சேர்க்கும் வழி இது ஒன்றே.

ஓயாத பம்பு

இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் உள்ளது. உயிரணுவுக்குள் இருப்பதோ அதில் பத்தில் ஒரு பங்களவே. பொட்டாசியத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அது உள்ளே மிகுதி, வெளியே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதன்று. சவ்விலுள்ள ஒரு புரதம், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகிறது. 1957இல் இதனைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் யென்ஸ் ஸ்கோவுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பயன் என்ன? அணையில் தேக்கிய நீர் மதகு திறந்தால் பாய்ந்து விசைப்பொறியைச் சுழற்றுவது போல, வெளியே தேங்கிய சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது. அந்தப் பாய்ச்சலைக் கொண்டு உயிரணு வேறு வேலைகளைச் செய்துகொள்கிறது.

காலரா மூடாத கதவு

காலராக் கிருமியை 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்தவர் ராபர்ட் காக். அது வெளியிடும் நச்சுப்பொருளே பேதிக்குக் காரணம் என்பதை 1959இல் அதே நகரில் நிறுவியவர் சம்பு நாத் டே. அந்த நச்சு குடற்சுவரின் செல்களுக்குள் நுழைந்து குளோரைடு வழிகளைத் திறந்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. மின்சுமையைச் சமன்செய்யச் சோடியம் பின்தொடர்கிறது. இரண்டின் பின்னே நீரும் வெளியேறுகிறது. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் நீர் போய்விடக்கூடும். சோடியம் உப்பு குடலில் ஏறும் வழக்கமான வழியையும் நச்சு தடுத்துவிடுகிறது. வெறும் உப்புநீர் பயன்படாததற்கு இதுவே காரணம்.

ஆனால் ஒரு கதவை மட்டும் காலரா மூடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் கதவு அது! இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒருங்கே வந்து பொருந்தினால், அப்புரதம் வடிவம் மாறி மூன்றையும் உள்ளே விடுகிறது. உள்ளே பாயத் துடிக்கும் சோடியம், குளுக்கோஸின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது எனலாம். இக்கருத்தை 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். உள்ளே சென்ற சோடியத்தை முன்சொன்ன பம்பு இரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது, குளுக்கோஸ் வேறொரு வழியே அதே பக்கம் சேர்கிறது, நீர் பின்தொடர்கிறது. புதிர் அவிழ்ந்தது!

1953இலேயே கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்து எழுதியிருந்தார். 1968இல் டாக்காவில் நேலின், கேஷ் ஆகிய மருத்துவர்கள் முறையான ஆய்வால் அதன் பயனை உறுதிசெய்தனர். பங்கான் அதனைப் போர்க்களத்து அருகிலேயே மெய்ப்பித்துக் காட்டியது. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

பொட்டலத்தின் கணக்கு

இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கும் பொட்டலத்தின் அளவுகளை உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்தது. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். 13.5 கிராம் குளுக்கோஸை 180ஆல் வகுத்தால் 75 மில்லிமோல். 2.6 கிராம் உப்பை 58.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 45 மில்லிமோல் சோடியம். சிட்ரேட் உப்பிலிருந்து மேலும் 30. ஆகச் சோடியமும் 75! எடையில் எவ்வளவோ வேறுபட்டவை எண்ணிக்கையில் சரிசமமாக நிற்கின்றன. இவற்றோடு குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 ஆகியவற்றைக் கூட்டினால் மொத்தம் 245. இரத்தத்தின் அளவோ ஏறத்தாழ 290. குடலில் உள்ள கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்திருப்பதால் நீர் இரத்தத்தை நோக்கியே செல்கிறது.

பேதியில் பொட்டாசியமும் இழக்கப்படுகிறது. ஆகவே அதுவும் சேர்க்கப்பட்டுள்ளது. பைகார்பனேட்டை இழந்த இரத்தம் அமிலத் தன்மை நோக்கிச் சாய்கிறது. சிட்ரேட் உடலில் பைகார்பனேட்டாக மாறி, இரத்தத்தின் பி.எச். அளவை இயல்பான 7.4க்குத் திருப்ப உதவுகிறது.

நம் வீட்டில்

இக்கணக்கை மறந்தால் விளைவது தீங்கு. சர்க்கரை மிகுந்துவிட்டால் குடலில் உள்ள கரைசல் இரத்தத்தைவிட அடர்ந்து, உடலிலுள்ள நீரையே குடலுக்கு இழுக்கும், பேதி கூடும். இனிப்பு மிகுந்த புட்டிப் பானங்கள் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாததற்கு இதுவே காரணம். உப்பு மிகுந்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளைச் செல்கள் சுருங்கி, குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் குடிநீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். 'ஒரு டம்ளருக்குக் கொஞ்சம்' என்று கைக்கணக்கில் போடுதல் கூடாது.

பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். சர்க்கரை குடலில் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிகிறது. நம் பாட்டிமார் கொடுத்த உப்பிட்ட அரிசிக் கஞ்சிக்கும் வேதியியல் நியாயம் உண்டு. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை எண்ணிக்கையில் குறைவு. ஆகவே நீரை இழுக்காது. செரிக்கச் செரிக்கக் குளுக்கோஸ் சிறிது சிறிதாகக் கிடைக்கும்.

ஆனால் பெரியவர்களின் இன்னொரு வழக்கம் ஆபத்தானது. "வயிற்றாலே போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று குழந்தைக்கு நீரையும் பாலையும் நிறுத்திவிடுவார்கள். இக்கரைசல் பேதியை உடனே நிறுத்துவதன்று என்பது உண்மையே. போன நீரை ஈடுசெய்வதே அதன் வேலை. குழந்தையைக் கொல்வது பேதியன்று, நீரிழப்பே! ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்; தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையையும் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலும், சிறுநீர் நின்றாலும், குழந்தை துவண்டு மயங்கினாலும், குடிக்க முடியாமற்போனாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்றும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பல இலட்சம் பேர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் மடிகின்றனர். பெரும்பாலான இறப்புகள் தடுக்கக்கூடியவை. நாம் கற்ற மோலும் அயனியும் சவ்வூடு பரவலும் தேர்வுத்தாளோடு முடிந்துவிட வேண்டாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் தெருவில் ஒரு தாய்க்கேனும் இக்கரைசலைச் சரியான அளவில் கலக்கக் கற்றுக்கொடுப்போம். அன்று நாம் உணர்வோம், துணைப்பாடம் என்று நாம் ஒதுக்கியது உயிருக்கே துணைநிற்கும் பாடம் என்று!