லா பசியோனாரியா: ஒரு புனைபெயரின் கதை

ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி வாசித்தவர்களுக்கு 'லா பசியோனாரியா' என்ற பெயர் தெரிந்திருக்கும். 1936 ஜூலை 19 அன்று மட்ரிட் வானொலியில், பாசிசப் படைகள் "கடந்து வரமாட்டார்கள்" என்று முழங்கிய டொலோரெஸ் இபார்ரூரியின் புனைபெயர் அது. 'உணர்ச்சிப் பிழம்பான பெண்' என்று பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது சரியல்ல. ஸ்பானிய மொழியில் பசியோனாரியா என்பது ஒரு கொடியின் பெயர். எங்கள் வீட்டு வேலிகளில் படரும் கொடித்தோடையும் அதே இனம்தான்.

தென் அமெரிக்காவுக்குச் சென்ற ஸ்பானிய மிஷனரிமார் அந்தப் பூவில் இயேசுவின் பாடுகளைக் கண்டார்கள். பூவின் நடுவே வளையமாக நிற்கும் நார்கள் முள்முடி. மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள். ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள். பத்து இதழ்கள், காட்டிக்கொடுத்த யூதாஸும் மறுதலித்த பேதுருவும் நீங்கலான அப்போஸ்தலர்கள். ஆக, இங்கே 'பசியோன்' என்பது ஆவேசம் அல்ல, பாடு. கத்தோலிக்கத் தமிழில் அதற்குச் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது.

டொலோரெஸ் 1895இல் பாஸ்க் நாட்டின் கல்லார்த்தா என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். தகப்பனும் சுரங்கத் தொழிலாளி, கணவனும் அப்படியே. பெற்ற ஆறு பிள்ளைகளில் நான்கு பெண் குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்துபோயின. 1918இல் 'எல் மினேரோ விஸ்கைனோ' என்ற சுரங்கத் தொழிலாளர் பத்திரிகைக்கு, மதத்தின் போலித்தனத்தைச் சாடி அவர் எழுதிய கட்டுரை பரிசுத்த வாரத்தில் வெளியானது. அதற்கு அவர் இட்ட பெயர்தான் பசியோனாரியா. மதத்தைச் சாடியவர் மதத்தின் பூவையே பெயராக எடுத்துக்கொண்டார்.

1939இல் குடியரசு வீழ்ந்தது. அவர் சோவியத் ஒன்றியத்தில் தஞ்சம் புகுந்தார். ஒரே மகன் ரூபென் 1942இல் ஸ்டாலின்கிராட் போர்முனையில் கொல்லப்பட்டான். ஸ்டாலினின் அடக்குமுறைகளுக்கு அவர் துணைநின்றதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை இன்றும் கசப்போடு உச்சரிக்கும் இடதுசாரிகள் உண்டு. பிராங்கோ இறந்த பின், 1977இல், 38 வருடங்கள் கழித்து ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 81. அதே வருடம் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். 1989இல் மட்ரிட்டில் காலமானார்.

பெற்றோர் வைத்த பெயரையும் சொல்ல வேண்டும். டொலோரெஸ் என்றால் துயரங்கள். வியாகுல மாதாவின் பெயர் அது.