கரை சுருங்கியது, கைவேலை பெருகியது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகிறவர்கள், ஆரோவிலை ஒட்டிய பொம்மையார்பாளையத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார்கள். இந்தக் கரையோரக் குப்பங்களின் பெண்கள் செய்து காட்டியிருப்பது நின்று பார்க்கவேண்டிய சாதனை.

அன்று

ஆண்கள் கடலிலிருந்து திரும்பியதும் பெண்களின் வேலை தொடங்கும். ஏலம் எடுப்பது, மீனைத் தரம் பிரிப்பது, மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக மணலில் உலர்த்துவது, கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்கும் உள்ளூர்த் தெருக்களுக்கும் நடப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. விலை பேசுவதிலும் கடன் கணக்கை மனதில் வைத்திருப்பதிலும் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. சங்கப் பாடல்களிலேயே உப்பு விற்கும் உமணப் பெண், அதை நெல்லுக்கு மாற்றக் கூவிக்கொண்டு தெருவில் போகிறாள். அவள் குரல் பாட்டில் நிற்கிறது, பெயர் இல்லை.

கைத்திறனுக்கும் அதே கதிதான். மார்கழிக் கோலம், ஒயர் கூடை, தாலாட்டு, ஒப்பாரி என்று எத்தனையோ இவர்கள் கையிலும் குரலிலும் இருந்தன. அவற்றைக் கலை என்று எண்ணியவர்கள் அரிது, கூலி கொடுத்தவர்களும் அரிது.

இன்று

1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கேயே தடுக்கப்பட, வடக்கே உள்ள குப்பங்களைக் கடல் அரிக்கத் தொடங்கியது. பொம்மையார்பாளையத்திலும் வீடுகள் இடிந்தன. கருவாடு காய்ந்த மணல்வெளி சுருங்கியது. அதன்மேல் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது.

மறுவருடம் ஆரோவிலில் உபாசனா வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கரையோரப் பெண்கள் கையில் கொடுத்தார். துணி, ஊசி, நூல், இவ்வளவுதான் முதலீடு. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொம்மை ஒன்று பிறந்தது: 'சுனாமிகா'. கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்தார்கள். தைக்கத் தைக்கப் பேச்சு வந்தது, அழுகை வந்தது, கையில் கூலியும் வந்தது. இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே தரப்பட்டது, பெற்றவர்கள் மனமுவந்து தந்த நன்கொடையில் வேலை நடந்தது. அப்படியே இலட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆரோவில் வட்டாரத்தில் அந்த வழி அகலமானது. சுனாமிக்குப் பின் தொடங்கிய 'வெல் பேப்பர்' அமைப்பின் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் கிண்ணமும் செய்கிறார்கள். 2010இல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்' அமைப்புக்காகச் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் தைக்கும் துணி நாப்கின்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒன்று இன்று இவர்களுடைய தொழில். மாதவிடாயைப் பற்றி மாணவிகளிடம் வெளிப்படையாகப் பேசவும் அது கதவைத் திறந்திருக்கிறது.

மாறியது வருமானம் மட்டும் அல்ல. நிவாரண வரிசையில் நின்ற கைகள், உலகத்துக்குப் பரிசு அனுப்பும் கைகளாயின. துயரத்தை ஒரு வடிவமாக்கி அடுத்தவருக்கு ஆறுதலாகக் கொடுப்பதைவிடப் பெரிய படைப்பு எது?

ஒன்று மட்டும் இன்னும் மாறவேண்டும். வடிவமைத்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. தைத்த நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர் தெரியவில்லை. கைவினைப் பொருளை விற்கிறவர்களும் பரிசளிக்கிறவர்களும், செய்தவர் விரும்பினால் அவர் பெயரையும் ஊரையும் அதன் சீட்டில் அச்சிடட்டும். வாங்கும் நாமும் "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்போம். உமணப் பெண்ணுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரக்கூடாது.